எடைக்கு இல்லாத ரூபாய்

பழைய காசு பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அதை மறைத்து எழுதினால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பலாபத்வலைக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். பாடசாலை விட்டு மாத்தளை டவுனுக்கு வந்து, சமைத்து, கொப்பிகள் திருத்தி முடித்தால், மிச்ச நேரமெல்லாம் பூதக்கண்ணாடியும் காசுகளும்தான். என் கணவர் இந்த விஷயத்தில் வாய் திறப்பதில்லை. திறந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

இது கோயில் உண்டியலில் தொடங்கிய பழக்கம். உண்டியல் திறக்கும் நாளில் என் அப்பாவும் எண்ணப் போவார். வங்கியில் எடுக்காத காசுகளை ஒரு தாம்பாளத்தில் ஒதுக்கிவைப்பார்கள். ஓட்டைக் காசு, வெளிநாட்டுக் காசு, தேய்ந்த செப்புக் காசு, சில நேரம் சட்டைப் பொத்தான். அந்தத் தாம்பாளம் என் பொறுப்பு. எந்த நாடு, எந்த வருடம் என்று பிரித்து வைப்பேன். அண்ணன்மார் என்னைச் ‘செல்லாக்காசு’ என்று கூப்பிட்டார்கள். கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய்.

பதினாலு வயதில் அப்பா எனக்கு இரண்டு வெள்ளி ரூபாய் வாங்கித் தந்தார். இரண்டும் இந்திய ரூபாய், அந்தக் காலத்தில் இங்கேயும் செல்லுபடியானவை. இரண்டிலும் தாடி வைத்த ராஜா, இரண்டும் ஒரே வருடம். ஒன்றை எடுத்துக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளியும் சாம்பலும் போட்டு விளக்கினேன். பளபளவென்று வந்தது. சில வருடம் கழித்துப் பூதக்கண்ணாடி வாங்கியபோதுதான் தெரிந்தது, ராஜாவின் கன்னமெல்லாம் மயிரிழை மயிரிழையாகக் கீறல். பழைய காசின் மேல் காலம் பூசும் மங்கல் இருக்கிறதே, அதுதான் அதன் தோல். நான் தோலை உரித்திருந்தேன். அன்றைக்கு அழுதேன். அதற்குப் பிறகு ஒரு காசையும் கழுவியதில்லை.

இனி என் கொழுந்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவரின் தம்பி. சீகிரியாப் பக்கம் சுற்றுலாக்காரர்களுக்கு ஓட்டோ ஓட்டுகிறான். நல்ல பிள்ளை, ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். போன வருடம் அவனுடைய ஓட்டோவில் ஏறிய வெள்ளைக்காரர் ஒருவர், காசைப் படம் பிடித்தால் அதன் பெயர், வயது, தரம், விலை எல்லாம் சொல்லும் செயலி ஒன்றைக் காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து அவன் கை சும்மா இருக்கவில்லை. உறவுக்காரர் வீட்டு அலமாரி, சாமித் தட்டு, பிள்ளைகளின் உண்டியல், ஒன்றையும் விடவில்லை.

“அண்ணி, இனி ஒங்களுக்கு வேல இல்ல,” என்றான் முதல் நாளே. “எல்லாத்தையும் இதுவே சொல்லிருது.”

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்க வேண்டும். கணவர் எழுந்து தேநீர் போடப் போய்விட்டார்.

அந்தச் செயலியை நான் சும்மா திட்டவில்லை. ஒரு மாதம் போல உட்கார்ந்து சோதித்தேன். கணக்கு டீச்சர் இல்லையா, ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டுப் பார்ப்பது தொழிலோடு வந்த குணம். ஒரு காசை டியூப்லைட்டின் கீழே படம் பிடித்தேன், ஒரு தரம் சொன்னது. அதே காசை ஜன்னலோரம் வைத்தேன், இரண்டு படி கூட்டிச் சொன்னது. என் கறுப்புச் சேலை மேல் வைத்தேன், வேறொரு நாட்டுக்கே கொண்டுபோனது. தெய்வ உருவம் போட்ட பித்தளை வில்லை ஒன்று, திருவிழாக் கடையில் விற்பது, அதற்கு யானை விலை குதிரை விலை சொன்னது. கொழுந்தன் அதை ஒரு வாரம் பர்ஸில் வைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தான்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். தாய்லாந்து எழுத்தும் அரபு எழுத்தும் எனக்கு ஓடாது. அதை அந்தப் போன் ஒரு நொடியில் வாசித்துச் சொன்னது. என் தாம்பாளத்தில் வருடக்கணக்காகப் பெயரில்லாமல் கிடந்த நாலைந்து காசுகளுக்கு அதுதான் ஊர் கண்டுபிடித்துத் தந்தது. காசு எது என்று கேட்டால் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். காசு எப்படி இருக்கிறது என்று கேட்டால் உளறும். விலை கேட்டால், இணையத்தில் விற்கிறவன் வாய்க்கு வந்தபடி போட்ட விலையைச் சொல்லும். அந்த விலைக்கு யாரும் வாங்கினார்களா என்று அதற்குத் தெரியாது.

கடைசியாக என் பதினாலு வயது ரூபாய் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தோல் உரித்ததற்கு மேல்தரம் தந்தது. தொடாததற்குக் கீழ்த்தரம். புளி போட்டு விளக்கியதைப் புத்தம் புதியது என்று நம்பிவிட்டது. நான் அன்றைக்கு அடைந்த சந்தோஷத்தைச் சொன்னால் அற்பம் என்பீர்கள். கொழுந்தனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் இரண்டையும் பார்த்துவிட்டு, “பளிச்சுனு இருக்கறது நல்லாத்தானே அண்ணி இருக்கு,” என்றான். அவனோடு பேசிப் பயனில்லை.

எல்கடுவவில் எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள். பெரியம்மா மகள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள், மேட்டு லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். ஐம்பது தாண்டிவிட்டது. மலை ஏறி இறங்கி முழங்கால் இரண்டும் போய்விட்டன. அவளுக்கு ஒரு கை உண்டு, தையல் கை. லயத்தில் பாதிப் பேருக்கு ஜாக்கெட்டும் பிள்ளைகளுக்குப் பாடசாலைச் சீருடையும் அவள்தான் தைப்பாள். அவளுடைய கால் மெஷின் உடைந்து, திருத்த ஆளில்லாமல் கிடந்தது. கரண்டில் ஓடும் மெஷின் ஒன்று கிடைத்தால் மலையை விட்டுவிடலாம் என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். ஜனவரிச் சீருடை தைக்கக் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். மெஷின் இல்லாவிட்டால் அந்த வேலை வேறு கைக்குப் போய்விடும்.

அவளிடம் மாமியார் வழி வந்த ஐந்து வெள்ளி ரூபாய் இருந்தது. நாலு சாமித் தட்டில். ஐந்தாவது அடுப்படிப் பரணில் தகரப் பெட்டிக்குள், எண்ணெய்ப் பிசுக்கேறிய துணி மடிப்பில் கிடந்து அண்மையில்தான் வெளியே வந்தது. அந்தப் பக்கம் ஓட்டோவில் ஆள் ஏற்றி ஹயர் போன கொழுந்தன் ஐந்தையும் படம் பிடித்து, நாலுக்கும் மேல்தரம் என்று ஒரு பெரிய தொகையைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். ஐந்தாவது கறுப்பு. வருடம் 1917, தரம் மட்டம் என்றதாம் செயலி. கண்டியிலிருந்து காசு வாங்குகிற ஒருவர் சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. எனக்கு அவரைத் தெரியும், நேர்மையான மனிதர். அக்கா மனதுக்குள் மெஷின் வாங்கி, பிளக் மாட்டி, தைக்கவும் தொடங்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை நான் பாடசாலைக்குச் சேலை கட்டிக்கொண்டிருக்கும்போது அவளிடமிருந்து போன். அவர்கள் லயத்தில் சிக்னல் ஒழுங்காக வராது. மேட்டுக்கு ஏறி வந்துதான் பேச வேண்டும். மூச்சு வாங்கியது.

“தங்கச்சி, வெள்ளிக் காச புளியில எம்புட்டு நேரம் ஊறப் போடணும்?”

எனக்குக் கை நின்றுவிட்டது.

“எந்தக் காச?”

“அந்தக் கருப்புக் காசத்தான். இன்னிக்கி வெள்ளிக்கெழம, வெளக்கு வெளக்கப் புளி கரைச்சு வச்சிருக்கேன். பீலித் தண்ணிக்குப் போறப்ப இதையும் ஒரு தேய் தேய்ச்சிட்டா மத்த நாலு மாதிரி வந்துரும்னு தம்பி சொன்னிச்சு.”

மத்த நாலு மாதிரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நாலும் சாமித் தட்டில் இருந்தவை. எங்கள் வீடுகளில் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை விளக்கும் செம்பும் புளியில் விளக்குவோம். தட்டில் இருக்கிற காசையும் சேர்த்துத்தான் விளக்குவோம். அழுக்காகச் சாமிக்கு முன்னால் வைக்கிற வழக்கம் இல்லை. மாமியார் காலத்திலிருந்து வாராவாரம் புளி தின்ற காசுகள் அவை. கொழுந்தன் சொன்ன பெரிய தொகை அங்கேயே கரைந்துவிட்டது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

“அக்கா, அந்தக் காசுல கை வைக்காதீங்க. தண்ணிகூடப் படக் கூடாது.”

“ஏன்? வர்ற மனுசனுக்கு ஊத்தக் காசக் காட்டுறதா? நம்மள என்னா நெனப்பாங்க?” அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. விருந்தாளிக்குக் கழுவாத கிளாசில் தண்ணீர் கொடுக்கச் சொன்ன மாதிரி.

“நெனச்சாப் பரவால்ல. நான் சொல்றதக் கேளுங்க. காசு இப்ப கையில இருக்கா?”

“முந்தானையில முடிஞ்சிருக்கேன்.”

“எடுங்க. ராசாவப் பாருங்க. தாடி இருக்கா?”

“இருக்கு. தாடி ராசா.”

“வருசம்?”

“பத்தொம்பது தெரியுது. அப்புறம் ஒன்னு. கடைசி எழுத்து அடுப்புக்கரி மாதிரி அப்பியிருக்கு. தெரியல. தம்பி போனு பதினேழுன்னிச்சு.”

போனுக்கும் அந்த எழுத்து தெரிந்திருக்காது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லிவைத்துவிட்டது. பதினேழு ஏராளமாகக் கிடைக்கிற வருடம். ஆனால் அந்தக் கடைசி எழுத்து இன்னொரு ஒன்றாக இருந்தால்? 1911ஆம் வருட ரூபாய்க்கு ஓர் அடையாளம் உண்டு, வருடம் தெரியாவிட்டாலும் பிடித்துவிடலாம். அதை நான் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் அவள் எனக்காக ஆமாம் என்றுவிடுவாள். பரீட்சையில் பிள்ளைக்கு விடையை எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

“அக்கா, ராசா ஒரு அங்கி போட்டிருக்காரு இல்ல? அதுல சங்கிலி மாதிரி வேலப்பாடு. நெஞ்சுக்கிட்ட அதுல ஒரு மிருகம் இருக்கும். சின்னதா. வெளிச்சத்துக்குத் திருப்பிப் பாருங்க. அவசரமில்ல.”

அவள் பார்த்தாள். எனக்குப் பாடசாலைக்கு நேரமாகிவிட்டது.

“இருக்கு,” என்றாள். “பன்னி.”

“என்னாது?”

“பன்னிடி. காட்டுப்பன்னி. மூஞ்ச நீட்டிக்கிட்டு நிக்கிது.”

“நல்லாப் பாருங்க. ஆனையா இருக்கும்.”

“ஆனைக்குத் தும்பிக்கை வேணாமா? இது பன்னிதான். மரவள்ளிப் பாத்தியக் கிண்டிப்புட்டு நிக்கிற பன்னிய நான் வாரத்துக்கு ரெண்டு நாள் பாக்கிறேன். எனக்குத் தெரியாதா?”

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். காசு சேர்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை இது. அந்த வருடம் அடித்த ரூபாயில் ராஜாவின் அங்கியில் இருந்தது யானைதான். ஆனால் தும்பிக்கை குட்டையாகிப் பன்றி போலத் தெரிந்தது. பன்றியை அசுத்தமாக நினைத்த ஜனங்கள் முகம் சுளித்தார்கள், கையில் வாங்க மறுத்தார்கள். அடுத்த வருடமே தும்பிக்கையை நீட்டிவிட்டார்கள், பழையதில் பெரும்பகுதி உருக்கப்பட்டுப் போனது. தப்பித்து மிஞ்சியவற்றுக்குத்தான் இன்றைக்கு மதிப்பு. நான் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துத் தெரிந்துகொண்டதை, என் அக்கா மேட்டில் நின்றுகொண்டு வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். புளித் தண்ணீரை விளக்கோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். மற்ற நாலைப் பற்றி வாயெடுத்தேன், அதற்குள் லைன் அறுந்துவிட்டது. திரும்ப எடுத்தேன், கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், கிடைக்காதது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினாள். நல்ல சேலை, தலையில் பூ. கொழுந்தனும் சீகிரியா ஹயரை விட்டுவிட்டு வந்து போனோடு கதிரையில் உட்கார்ந்தான். பன்றிக் கதையை நான் சொல்லியிருந்தேன், அவன் நம்பவில்லை. “மூனு தடவ எடுத்தேன் அண்ணி, மூனு தடவையும் பதினேழுதான்,” என்றான். கண்டிக்காரர் சிங்களவர், எழுபது வயதிருக்கும். அக்காவும் நாங்களும் அவரோடு சிங்களத்தில்தான் பேசினோம்.

அவர் முதலில் பளபளப்பான நாலையும் எடுத்தார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சாய்த்துத் திருப்பினார். ஒரு பக்கமாக அடுக்கினார்.

“எல்லாம் கழுவியது,” என்றார் கடைசியில், வருத்தத்தோடு. “வெள்ளிக்கு விலை உண்டு. எடைக்குத் தருகிறேன்.”

கொழுந்தன் போனை நீட்டினான். அவர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இதில் சொன்ன விலைக்கு இந்தப் போனிடமே விற்கலாம், மகன்,” என்றார். அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அக்கா நாலு காசையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் மடக்கிக் கணக்குப் போடுவதைக் கண்டேன். மெஷினுக்குப் பாதிகூட வராது. முன்கூட்டியே சொல்லாத என் கோழைத்தனத்தை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

அவர் ஐந்தாவதை எடுத்தார். தடவிப் பார்த்தார். வெளியே மேகம் மூடி, அறை மங்கலாக இருந்தது. வருடம் தெரியவில்லை என்று முணுமுணுத்தபடி அதையும் அந்த நாலுக்கு மேல் வைக்கப் போனார். நான் தயாராக இருந்தேன். முதல் நாள் இரவே மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு, வருடம், அச்சு, தும்பிக்கை எல்லாம் வரிசையாக. தொண்டையைச் செருமினேன்.

அதற்குள் அக்காவின் கை மேசைமேல் வந்துவிட்டது. கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். காசுக்கும் அடுக்குக்கும் நடுவில் உள்ளங்கையை வைத்தாள்.

“அது எடைக்கு இல்ல மாத்தயா,” என்றாள். “ராசா நெஞ்சப் பாருங்க. அங்க ஊரா நிக்கிறான்.”

ஊரா என்றால் சிங்களத்தில் பன்றி. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து ஜன்னலுக்குப் போனார். கண்ணில் பூதக்கண்ணாடி வில்லையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். திரும்பி வந்து பையிலிருந்து சிறு போத்தல் எடுத்து, பஞ்சு நுனியால் கடைசி எழுத்தின் மேல் ஒரு சொட்டு வைத்தார். தேய்க்கவில்லை, காத்திருந்தார். அடுப்புப் புகையும் எண்ணெயும் கரைந்து வழிய, கீழே இருந்த எழுத்து மெல்லத் தெரிந்தது. ஒன்று. 1911. சுற்றியிருந்த மங்கல் அப்படியே இருந்தது, ராஜாவின் கன்னத்தில் ஒரு கீறல் இல்லை.

இது பெட்டியில் கிடந்தது, மற்ற நாலும் சாமித் தட்டில் இருந்தவை என்று அக்கா சொன்னாள். “பெட்டியில் கிடந்ததால் பிழைத்தது,” என்றார். “தட்டுக்குப் போயிருந்தால் முடிந்திருக்கும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “டீச்சர் சொல்லிக்கொடுத்தீர்களா?”

ஆமாம் என்று சொல்ல எனக்கு ஆசை. சும்மா சொல்லக் கூடாது, நல்ல ஆசை. நாக்கு நுனி வரை வந்தது.

“நான் கேள்விதான் கேட்டேன்,” என்றேன். “பார்த்தது அக்கா. எங்கள் யாருக்கும் முன்னால், போனுக்கும் முன்னால்.”

அவர் சொன்ன விலையை அக்கா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு தரம் தலையாட்டி மறுத்தாள். மூன்றாவது விலைக்குச் சம்மதித்தாள். நாலு காசின் எடையும் சேர்த்தால் மெஷினுக்குப் போதும், மேல்கொண்டு நூலுக்கும் ஊசிக்கும் மிஞ்சும். கண்டிக்காரர் போனதும் கொழுந்தன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “இந்த ஆப்புல பன்னிக்கு எடமில்ல அண்ணி, அதான் பிரச்சின,” என்றான். அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து அவன் தன் ஓட்டோவில் ஏறுகிறவர்களிடம், எங்கள் குடும்பத்தில் ஒருவர் இருக்கிறார், போனையே தோற்கடித்தவர் என்று சொல்லத் தொடங்கிவிட்டான். தான்தான் புளி போடச் சொன்னவன் என்பது அந்தக் கதையில் வருவதில்லை.

கடை மூடுவதற்கு முன் மூவருமாகக் கடைத்தெருவுக்குப் போனோம். மெஷின் கடைக்காரப் பையன் என்னைத்தான் வாங்க வந்தவள் என்று நினைத்து, பெட்டியைத் திறந்து ஊசியையும் பாபினையும் எனக்கே விளக்கினான். கொஞ்ச நேரம் பொறுத்திருந்த அக்கா அவனை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, கடைத் துணியில் நேராக ஒரு தையல் ஓட்டினாள். நூல் அறவில்லை. துணியைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பார்த்துவிட்டு இதுவே போதும் என்றாள்.

பையன் உத்தரவாத அட்டையை எடுத்தான். பெயர், தோட்டம், லயம் எல்லாம் எழுதிக்கொண்டான். அடுத்த கட்டத்துக்கு வந்தபோது பேனாவை நிறுத்திவிட்டு, மறுபடியும் என்னைப் பார்த்தான்.

“மிஸ், இது வீட்டுப் பாவனைக்குங்களா, தொழிலுக்குங்களா?”

வீட்டுக்கு என்று நான் வாயெடுத்தேன்.

“தொழிலுக்கு,” என்றாள் அக்கா.